இருநூற்றுப் பதினெட்டாவது வரி

கெட்ட செய்தி கேட்டால் எல்லாரும்தான் பயப்படுவார்கள். நல்ல செய்தி வந்தால் பயப்படுகிற வேலை என்னுடையது. அந்தப் புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு என் கம்ப்யூட்டர் திரையில் எழுபத்தொன்று என்று ஓர் எண் வந்து உட்கார்ந்தது. அடுத்த மேசைக்காரன் எட்டிப் பார்த்து, "அட, பிரமாதம்! எழுபத்தொண்ணு புள்ளி பூஜ்யம் நாலு!" என்று மேசையைத் தட்டினான். அவன் எங்கள் புள்ளிவிவரக்காரன். உயரம் கேட்டால்கூட இரண்டு தசம இடம் வரைக்கும் சொல்வான் என்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே தசமம். அவனுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம்.

என்ன எண், என்ன கூத்து என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்தை, எந்த இயந்திரத்தை இலவசமாகக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற அலுவலகம் எங்களுடையது. ஒரு மருந்தால் ஒரு நோயாளிக்கு நல்லபடியாக நடமாடுகிற ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும்? அதுதான் கேள்வி. அந்தச் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. வரம்பு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறுக்குக் கீழே வந்தால் மருந்து உள்ளே, மேலே போனால் வெளியே. கல்நெஞ்சக்காரி என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும். இருப்பது ஒரே பானை. முன்னால் நிற்பவருக்கு இரண்டு கரண்டி கூடப் போட்டால் கடைசியில் நிற்பவர் வெறும் தட்டோடு போக வேண்டியதுதான். இதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் அலுவலகத்திலும் வீட்டிலும் என்னைக் கறார் என்றே கூப்பிடுவார்கள்.

திரையில் இருந்தது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகிற ஒரு நோய்க்கான மாத்திரை. குணப்படுத்தாது. இறுகுகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கணக்குப் போட்டவள் நான்தான். அன்று தொண்ணூற்றிரண்டு வந்தது, தப்பித்தது. மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்துவிட்டு, நிஜ நோயாளிகளின் விவரத்தை வைத்து மறுபடியும் கணக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கமிட்டி அனுமதித்தது. அந்த மறுகணக்குதான் இது. கமிட்டிக் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

மருந்துக் கம்பெனியின் சோதனையில் நூற்றில் எட்டுப் பேர்தான் மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தார்கள். நிஜத்தில் விட்டவர்கள் நூற்றில் முப்பத்தேழு பேர். வாந்தி, பேதி, வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போவது. சரி, இத்தனை பேர் விட்டிருந்தால் எண் மோசமாகத்தானே ஆக வேண்டும்? தொண்ணூற்றிரண்டு எப்படி எழுபத்தொன்றாக இறங்கும்?

தசமம் டீ குடிக்கப் போனதும், ஒரு விஷமத்தனம் செய்து பார்த்தேன். எல்லா நோயாளிகளும் முதல் வாரத்திலேயே மாத்திரையை விட்டுவிட்டார்கள் என்று கணக்கில் போட்டேன். எண் இரண்டுக்கு இறங்கியது. யாருமே சாப்பிடாத மருந்து உலகத்திலேயே தலைசிறந்த மருந்தாகிவிட்டது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். நான் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

பத்து நிமிஷத்தில் தப்பு நடந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நோயாளி மாத்திரையை விட்டதும் செலவுப் பத்தியில் அவருக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது. சரிதான், வாங்காத மாத்திரைக்கு எதற்குச் செலவு? ஆனால் பலன் பத்தியில் அவர் மாத்திரை சாப்பிடுகிறவரைப் போலவே சாகும்வரை மெல்ல மெல்லத்தான் இறுகிக்கொண்டிருந்தார். செலவை நிறுத்தினவள் பலனை நிறுத்த மறந்திருக்கிறேன். சோதனையில் எட்டே பேர் விட்டதால் அன்று அது யார் கண்ணிலும் படவில்லை. மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு. ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம்!

திருத்தி, விட்டவர்களின் மூச்சு நிஜத்தில் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதையும் சேர்த்துப் போட்டேன். நூற்று எண்பத்தெட்டு.

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் முதலில் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இருபது வருஷப் பெயர், கறாரின் பெயர், நாறிப்போகும். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு பயம் வந்து நின்றது. அந்த மாத்திரையை என் அக்கா சாப்பிடுகிறாள்.

மாத்திரைக்கு அனுமதி கிடைத்து ஆறு மாதம் கழித்துத்தான் அக்காவுக்கு நோய் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் நானே. ஆனால் எங்கள் சொந்தத்தில் கேட்டுப்பாருங்கள், அக்காவுக்காகத் தங்கச்சி ராப்பகலாக உட்கார்ந்து கொண்டுவந்த மாத்திரை என்பார்கள். காலக்கணக்கே இடிக்கிறதே என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்கியதில்லை. கொஞ்ச நாளில் நானும் மறுப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பெருமை எனக்கும் இனித்தது போல.

மறுகணக்கு ஆரம்பிக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் நெருங்கிய குடும்பத்தில் யாருக்காவது இந்த மருந்தால் ஆதாயம் உண்டா என்று கேட்டிருக்கும். நெருங்கிய குடும்பம் என்றால் யார் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர். கூடப் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூட அட்டையில் கையெழுத்துப் போட்டு, நான் படிக்க வேண்டும் என்று தன் கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டவள் படிவத்தின்படி எனக்கு யாருமில்லை. 'இல்லை' என்று கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்திருந்தேன். படிவத்தில் பொய் இல்லை, மனசில்தான் உறுத்தல்.

ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துவிட்டு, என்னை நானே தேற்றிக்கொண்டேன். எங்கள் விதிமுறையில் ஒரு இரக்கம் உண்டு. ஒரு மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும், அன்றைய தேதியில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு நிறுத்தமாட்டார்கள், கடைசிவரை கொடுப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும், விட்டுவிட்டு மறுபடி கேட்கிறவர்களுக்கும்தான் இல்லை. அக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தினம் போனில் கேட்கிறேன், "போட்டுட்டேன்டி, போட்டுட்டேன்" என்கிறாள். அவளுக்கு ஆபத்தில்லை.

விட்டவர்களின் பட்டியலைச் சும்மாதான் திறந்தேன். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எடை, ஆரம்பித்த மாதம், விட்ட மாதம், குழாயில் ஊதிக் காட்டிய மூச்சு நூற்றுக்கு எவ்வளவு என்பது, அவ்வளவுதான். மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவள் இருநூற்றுப் பதினெட்டாவது வரியில் நின்றேன். பெண், ஐம்பத்து நான்கு வயது, நாற்பத்து மூன்று கிலோ, முதல் நாள் மூச்சு அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றை என் காதால் கேட்டிருக்கிறேன். "இன்னும் பலமா ஊதுங்கம்மா" என்று மூன்று தடவை ஊதவைத்து அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன எண். பெயரை மறைத்தால் போதுமா? உடன்பிறப்பை எடையில்கூட அடையாளம் தெரியும்.

வரிசையாக அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தொன்பது. அப்புறம் 'நிறுத்தம்' என்று ஒரு குறி. அதற்குப் பின்னால் ஐம்பத்திரண்டு.

போனை எடுத்தேன். "அக்கா, மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சுடி. உனக்கு வேற வேலையே இல்லையா?"

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா வீடு முதல் மாடி. பதினாறு படி. அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். கூடம் முழுக்க நீலத் துணி அடுக்கியிருக்கும், நடுவில் தையல் மெஷின். மிதிக்க முடியவில்லை என்று போன வருஷம்தான் மோட்டார் மாட்டினாள். நான் உள்ளே நுழைந்தபோது ஒரு குட்டைப் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர், ஊரே அவரைக் கண்டால் நடுங்கும். வீட்டில் பொத்தான் பிரிப்பார்.

"வாடி கறாரு. என்ன... வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

அந்த இடைவெளி என் காதில் அறைந்தது. ஒரே மூச்சில் எதிர்வீட்டுக்காரியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்க்கிறவள் என் அக்கா. இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாள். தினமும் போனில் ஒற்றை வரியில் பேச்சை முடித்துக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது.

"மாத்திரை டப்பா எங்கக்கா?"

"உள்ள இருக்கும். எதுக்கு?"

"எடுத்துட்டு வா."

"இப்ப எதுக்குடி அது? உக்காரு, காபி போடறேன்."

"எடுத்துட்டு வான்னு சொல்றேன்ல!"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா ஒரு பொத்தானை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று அப்போதுதான் புரிந்தது.

"விட்டுட்டேன்டி" என்றாள் அக்கா. "நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசமா எங்கிட்ட வாய் கூசாம பொய் சொல்லியிருக்க!"

"கத்தாத. கீழ் வீட்டுக்குக் கேக்கும். சோறு உள்ள போனா... மறு நிமிஷம் வெளிய வருது. எந்திரிக்க முடியல. நாலு பீஸ் தைக்க முடியல. அதான் ஆஸ்பத்திரில சொல்லிட்டு விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரில சொல்லத் தெரியுது, எங்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"உங்கிட்ட எப்படிடி சொல்றது? எனக்காக அவ்வளவு பாடுபட்டு லிஸ்ட்ல சேத்த மாத்திரை. வேணாம்னு தூக்கிப் போட்டா... உன் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?"

"உனக்காக இல்லக்கா" என்றேன். "உனக்காகன்னு நான் எதுவுமே பண்ணல." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அது தங்கையின் தன்னடக்கமாகத்தான் பட்டிருக்கும், என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மாமாதான் மெதுவாகச் சொன்னார். "டாக்டர் ஒண்ணு சொன்னாரும்மா. பாதி அளவுல திரும்ப ஆரம்பிச்சுப் பாக்கலாம், வாந்திக்கும் சேத்து மாத்திரை தரேன்னாரு. உங்க அக்காதான் மாட்டேன்னுட்டா."

"ஆரம்பி" என்றேன். "நாளைக்கே போ."

"நெஞ்சு டாக்டர் செவ்வாய்க்கிழமைதான்டி உக்காருவாரு."

"அப்ப செவ்வாய்க்கிழமை போ. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு."

"சரிடி, போறேன். சத்தியம்லாம் எதுக்கு? நீ இப்படி மூக்கைச் சிந்திட்டு நின்னா நான் போகாம இருப்பேனா?"

படி இறங்கும்போது வழியனுப்பக் கூடவே வந்தாள். நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீ போ, நான் இங்கருந்தே டாட்டா காட்டறேன்" என்று சிரித்தாள். கழுத்தெலும்புக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம், செவ்வாய்க்கிழமை டாக்டர். நடுவில் நாலு நாள். வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறந்தால், அன்றைய தேதியில் இருநூற்றுப் பதினெட்டாவது வரி 'நிறுத்தம்'.

வெளியில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். மாமாவின் மாதச் சம்பளம் அந்த மாத்திரைக்குப் பத்து நாளுக்குக்கூடக் காணாது.

வியாழக்கிழமை முழுக்க நான் ஒரு திருடி மாதிரி அலுவலகத்தில் நடமாடினேன். திருத்திய கணக்கை ஒரு பென்டிரைவில் போட்டு, பென்டிரைவைப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டேன். யாராவது கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டது. எழுபத்தொன்று எல்லாருக்கும் பிடித்திருந்தது, ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. கெட்ட எண்ணாக இருந்திருந்தால் நூறு தடவை குடைந்திருப்பார்கள்.

மதியம் மேலதிகாரி மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், நாளைக்கு அந்த நுரையீரல் மாத்திரையை எடுக்க வேணாமே. ரெண்டு வாரம் தள்ளலாம். டேட்டாவை இன்னொரு தடவை பாக்கணும்."

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினைன்னு இல்ல..."

"அடுத்த கூட்டமே மூணு மாசம் கழிச்சுத்தான்மா. உங்களுக்கே தெரியும். இதுல என்ன மிச்சமாகுதுன்னு பாத்துட்டுத்தான் அந்தக் குறைமாசக் குழந்தைங்களுக்கு மூச்சு குடுக்கற மெஷினையும் எடுக்கணும். அதுவும் தள்ளிப் போயிடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னா காரணம் இருக்கும். ஒரு கடிதம் எழுதிட்டு வாங்க. நாளைக்குத் தலைவர்கிட்ட நேர்ல கேட்டுடலாம், சரின்னுடுவாரு."

நீங்க சொன்னா காரணம் இருக்கும்! கறார் என்று பெயர் வாங்கி வைத்திருப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது. மூன்று வரியில் கடிதம் எழுதினேன். தரவைச் சரிபார்க்க அவகாசம் தேவை என்று, பொய்யே இல்லாத ஒரு கடிதம். மூன்று மாதத்தில் அக்கா பாதி அளவில் ஆரம்பித்துவிடுவாள், பட்டியலில் ஏறிவிடுவாள், பிறகு நான் தப்பைக் கண்டுபிடிப்பேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததால் மறுபடி கேட்கவில்லை. அன்றிரவு ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். குறைமாதக் குழந்தைகள் வார்டிலிருந்து வந்தவள். அந்த மெஷினைக் கமிட்டிக்குக் காட்டுவதற்காக மடியில் வைத்திருந்தாள். மெஷின் என்று பெயர்தான், ஒரு சின்னப் பம்பு, ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு குழாய். குழந்தையின் மூக்குக்கு மாட்டுகிற முனை என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. "எங்க முறை வருமா மேடம்? போன தடவையும் காசு இல்லன்னு அனுப்பிட்டாங்க" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். தலைவர் வழக்கம்போல, "யாருக்காவது இதுல சொந்த சம்பந்தம் உண்டா?" என்று கேட்டார். வழக்கம்போல யாரும் நிமிரவில்லை. நானும்தான். கடிதம் என் கையில் மடங்கியிருந்தது. முதல் பொருளாக எடுக்கும்போது எழுந்து கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் தசமம் எழுந்து திரையில் எண்ணைப் போட்டுவிட்டான்.

"எழுபத்தொன்று புள்ளி பூஜ்யம் நாலு" என்றான், தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியது போல.

"இவ்வளவு நல்லா இருக்கா!" என்றார் தலைவர். "அப்ப ஏன் பெரிய ஆஸ்பத்திரிகள்ல மட்டும் கொடுக்கறோம்? எல்லா ஊருக்கும் விரிவுபடுத்திடலாமே. இருக்கற மிச்சத்தை இதுக்கே ஒதுக்கிடலாம்."

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. நான் கடிதத்தோடு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஓய்வுபெற்ற ஒரு டாக்டர், எல்லாக் கூட்டத்திலும் தூங்குகிறவர். தூங்குமூஞ்சி டாக்டர் என்றுதான் எங்களுக்குள் பேச்சு.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது" என்றார். "நூத்துல முப்பத்தேழு பேர் விட்டுட்டாங்கன்னு போட்டிருக்கு. விட்டவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

யாரோ சிரித்தார்கள். தசமம் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், கணக்கு என்னுடையது அல்லவா.

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'கணக்குப்படி அவர்களுக்கும் பலன் நீடிக்கிறது சார்' என்று ஒரு வரி. சொன்னால் அவர் மறுபடி தூங்கிவிடுவார், கடிதத்தைக் கொடுத்துவிடலாம், செவ்வாய்க்கிழமை வந்துவிடும். சொல்ல வாயைத் திறந்தேன். எழுபத்தொன்று என்கிற அந்தக் கணக்கில் அக்கா நன்றாக இருக்கிறாள். அந்தக் கணக்கில் அவள் பதினாறு படியையும் இறங்கி வந்து என்னை பஸ் ஏற்றிவிடுகிறாள், ஒரே மூச்சில் திட்டுகிறாள். நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நேற்று முன்தினம் பார்த்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறாள் என்று ஒன்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை. நான் நல்லவள் என்பதால் அல்ல. வாய் வரவில்லை.

"நல்லா இல்ல சார்" என்றேன். "விட்டவங்க நல்லா இல்ல. இந்தக் கணக்கு தப்பு. மூணு வருஷமா தப்பு. தப்பு பண்ணினது நான்தான்."

பையிலிருந்து பென்டிரைவை எடுத்துத் தசமத்தின் முன்னால் வைத்தேன். எந்தக் கட்டம், என்ன மறந்தேன், திருத்தினால் என்ன வரும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று எண்பத்தெட்டு என்றதும் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம், கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னேன்.

"இருநூத்திப் பதினெட்டாவது வரி எங்க அக்கா."

தலைவர் தண்ணீர் குடித்தார். "அப்படின்னா நீங்க இந்த முடிவுல கலந்துக்கக் கூடாதும்மா. வெளிய இருங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மரியாதையாகத்தான் சொன்னார்.

நர்ஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிஷம் ஆனது. கதவு திறந்தது. மேடம் நர்ஸை உள்ளே அனுப்பிவிட்டு என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

"இன்னிக்குத் தேதியில சாப்பிட்டுட்டு இருக்கறவங்களுக்குத் தொடரும். புதுசா யாருக்கும் இல்ல. கம்பெனிகிட்ட விலை பேசச் சொல்லியிருக்கு. குறைச்சா மறுபடி எடுக்கலாம். ஒரு வருஷமாவது ஆகும்." கண்ணாடியைக் கழற்றினார். "விட்டவங்களுக்கு விதிவிலக்கு கேட்டுப் பாத்தேன்மா. எத்தனை பேருக்குக் கொடுப்பீங்கன்னு கேக்கறாரு."

"இல்ல மேடம். கொடுக்கக் கூடாதுதான்."

"உங்களைப் பத்தி அப்புறம் பேசலாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

மாடிப்படி வளைவில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. எடுத்துவிட்டாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.

"என்னடி, ஆபீஸ் நேரத்துல?"

"அக்கா, செவ்வாய்க்கிழமை போக வேணாம்."

"ஏன்? நீதானே தலைமேல அடிச்சு..."

"மாத்திரை நின்னுடுச்சு. திரும்பக் கேக்கறவங்களுக்கு இனிமே இல்ல. கணக்குல தப்பு இருந்துச்சு. இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டாங்க."

தையல் மெஷின் நின்றது.

"யாருடி கண்டுபிடிச்சா?"

'கமிட்டி' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவாள், சாகும்வரை நம்புவாள்.

"நான்தான்க்கா. நான்தான் சொன்னேன்."

அவள் மூச்சு மட்டும் கேட்டது. குட்டிக் குட்டியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்ட மாட்டாளா என்றிருந்தது. ஐந்து வார்த்தையாவது சேர்த்துத் திட்டு அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நீ போட்ட கணக்கு... இந்தத் தடவை சரிதானே?"

"சரிக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. பல தடவை பாத்தேன்."

"அப்ப சரி" என்றாள்.

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நோய் தெரிந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட என் அக்கா சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள்.

"பயமா இருக்குடி. உங்க மாமா வேலைக்குப் போயிட்டாரு... நீ கொஞ்சம் வர்றியா?"